தௌனோ நிரப்பிய தோட்டாக்கள்

கூமோ,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஐலிக்கு,

உன் அக்காவின் கால் மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்களா? இங்கே நலம். நாய் உன் கம்பளிக் காலுறை மேல்தான் படுக்கிறது. சொல்ல வந்தது குழம்பிவிடக் கூடாதென்று முதலிலேயே வரிசைப்படுத்துகிறேன்.

1. தௌனோவின் தோட்டாக்கள் என்னுடையவற்றைவிட அமைதியானவை அல்ல.
2. அப்படியிருந்தும் நீ அவனிடம் வாங்குவது ஏன்?
3. சனிக்கிழமை பஸ் நிலையத்திலிருந்து உன்னை யார் அழைத்துவருவது?

முதலாவது. நம் மகள் பிறப்பதற்கு முன்பிருந்தே உன் சின்ன ரைபிளுக்கு நான்தான் தோட்டா நிரப்புகிறேன். முயல் வேட்டையில் காடு கலையக் கூடாது என்பது ஒன்றுதான் நீ கேட்டது. குண்டு ஒலியைவிட மெதுவாகப் போனால் சவுக்கடி போன்ற அந்தச் சத்தம் வராது. குளிரில் ஒலியே மெதுவாகிவிடும் என்பதால், பனி விழுந்ததும் சுட்டுப் பார்ப்பேன். சவுக்குச் சத்தம் கேட்டால் வெடிமருந்தைச் சற்றுக் குறைப்பேன். இந்த முறை கேட்கவில்லை. குறைக்கவுமில்லை.

இரண்டாவது. உன் வேட்டைச் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் சில தோட்டாக்கள். எல்லாவற்றிலும் தௌனோ தடவும் சிவப்பு அரக்கு. நான் கொடுத்த பெட்டி அலமாரியில் பிரிக்காமலே இருந்தது. அவன் பக்கத்து வீடு, மனைவியை இழந்தவன், அக்கார்டியன் வேறு வாசிக்கிறான். நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. நேற்று வேலியோரம் நின்று, "சனிக்கிழமை ஐலிய நானே கார்ல கூட்டிட்டு வந்துடறேன் வாத்தியாரே. உங்க வண்டிதான் குளிர்ல இருமுதே" என்றான். நீ வரும் நாள் அவனுக்கு எப்படித் தெரியும்?

இவ்வளவும் எழுதியபின் உட்கார முடியவில்லை. என் பெட்டியை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கே போனேன், நாயும் கூடவே வந்தது. "உன் தோட்டா ஒன்று, என் தோட்டா ஒன்று, இப்போதே சுடு" என்று அவனிடம் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. எதை முதலில் சுடுகிறான் என்று தெரியக் கூடாதென்று வயலுக்கு முதுகு காட்டி நின்றேன். இரண்டு முறை சுட்டான்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று ஜெயித்தவனைப் போலத் திரும்பினேன். காலடியில் இருந்த நாயைக் காணோம். அவனுடைய சவுனா என்ற நீராவிக் குளியலறைக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்தது.

தௌனோ சிரிக்கவில்லை. "ரெண்டாவது உங்களுது. பனியே அதிர்ந்துச்சு. நெசமாவே கேக்கலையா வாத்தியாரே?" என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஐலி டிசம்பர்லயே கவனிச்சுட்டா. காது போச்சுன்னு சொன்னா மனுசன் பட்டறைப் பக்கமே போக மாட்டாரு, பக்குவமா சொல்ற வரைக்கும் நீ நிரப்பிக் குடுன்னா" என்றான்.

ஆகவே இரண்டாவதற்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் ஐலி, காது போனது எனக்கு. அதை நீ முதலில் சொன்னது அவனிடம்.

மூன்றாவது. நான்தான் வருவேன். வண்டி இருமினால் இருமட்டும். மருந்தைக் குறைத்துச் சில தோட்டாக்கள் நிரப்பி வைக்கிறேன். நீ சுட்டுப் பார்த்து, சத்தம் வந்ததா இல்லையா என்று சொல். என்னிடம் சொல். கொஞ்சம் உரக்கவே சொல்.

வழியெல்லாம் பனி, கவனமாக வந்து சேர்.

உன்
ஈவரி

பி.கு.: முதல் குறிப்பு தவறு. அவனுடையதுதான் அமைதியானது. நான் ஒப்புக்கொண்டதை அவனிடம் சொல்லாதே.