சுவருக்கு மேலே கல்வாழை

7 ஜூன் 1957, வெள்ளி

ஜும்மா முடிந்து வந்தார். பிள்ளையை அடக்கிய கபுறைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "பாத்தேன்." எந்தப் பக்கம்? "சுவர் பக்கம்." அவ்வளவுதான். இரத்தோட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிற தோட்டத்து ஜனங்களிடம் சேலை விற்கும்போது ஊர்ப்பட்ட பேச்சு பேசுகிற மனுஷன் இந்த யாகூப். பெண்சாதி கேட்டால் மட்டும் வாயில் கொழுக்கட்டை.

கபுறுகள் இருக்கிற மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை, இந்த ஊர் வழக்கம். சரி, போகவில்லை. ஆறு வயது ஹவ்வாவைக் காய்ச்சலுக்குக் கொடுத்து ஏழு மாதம். பெற்றவளுக்கு அவள் எங்கே படுத்திருக்கிறாள் என்றாவது தெரிய வேண்டாமா? கபுறில் ஒரு செடி வையுங்கள், கிணற்றடியில் நின்று பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். வைத்தார் — குரோட்டன். முழங்கால் உயரம். நம் கிணற்றடிக்கும் மையவாடிக்கும் நடுவே ஐந்தடிச் சுவர், அதற்கு மேலே அது எப்படித் தெரியும்? யோசித்தாரா?

9 ஜூன்

நம் கிணற்றடிக் கல்வாழைதான் சரி. ஆள் உயரம் வரும். போன மழைக்காலத்துக் காற்றில் வாழையெல்லாம் விழுந்தது, இது விழவில்லை. முளை பார்த்து மூன்று கிழங்கு நறுக்கி, வெட்டிய இடத்தில் சாம்பல் தடவிக் கையில் கொடுத்தேன். "இதையும் வெக்கணுமா?" என்றார். வைக்கத்தான் வேண்டும்.

2 செப்டம்பர்

சிவப்பு! சுவருக்கு மேலே ஒரு சாண். ஸலாம் சொன்னேன். துணி துவைக்கிற சாக்கில் அங்கேயே நின்று அழுதேன்.

18 அக்டோபர்

பாவிகள். பள்ளிவாசலை நிர்வகிக்கிற நம்பிக்கையாளர் அப்துல் ஸமத் காக்கா மையவாடியைத் துப்புரவு பண்ணச் சொன்னாராம். புல்லோடு என் பூவையும் சீவிவிட்டார்கள். இவர் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். "ஒரு பூவுக்காகப் பெரியவரோட சண்டை போடவா?" பூவுக்காகவா? நான் பூவுக்காகவா கேட்டேன்? சோற்றுக் கோப்பையை டம்மென்று வைத்தேன்.

கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது. வரும்.

21 நவம்பர்

வந்துவிட்டது. ஸமத் காக்கா இப்போது வெட்டிப் பார்க்கட்டும்.

27 டிசம்பர்

மூன்று நாள் மழை. முருங்கை வேரோடு சாய்ந்தது. குசினிக் கூரையில் தகரம் இரண்டு பறந்தது. மையவாடிச் சுவரில் பாதி விழுந்துவிட்டது. கல்வாழை நிற்கிறது. இலை நார் நாராகக் கிழிந்தும் நிற்கிறது.

2 ஜனவரி 1958

அடுத்த வீட்டு நூருன்னிஸா வந்தாள். அவள் புருஷன் பலீல்தான் சுவரைத் திரும்பக் கட்டுகிறான். "ராத்தா, எங்க மாமியோட கபுறுல உங்க வீட்டுக்காரர் பூ வெச்சிருக்காராமே. அல்லாஹ் பரக்கத் செய்வான்."

மாமியா? நன்றாகத் தெரியுமா?

"மாமிய அடக்கினதே எங்க வீட்டுக்காரர்தானே ராத்தா, சுவரோட ஒட்டி."

நான்கு மாதமாக என் பிள்ளை என்று நான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன்?

3 ஜனவரி, வெள்ளி

கேட்டேன். சட்டையைப் பிடித்துக் கேட்டேன். முதலில், "உன் கண்ணுக்குத் தெரியணும்னுதான் அங்க வெச்சேன்" என்றார். அப்படியானால் அவள் எங்கே? எங்கேங்க? அப்படியே தரையில் உட்கார்ந்து சொன்னார்.

அந்த மாதம் காய்ச்சலில் போன பிள்ளைகள் பதினேழு. மையவாடிச் சரிவுக்கு அந்தப் பக்கம் ஒரே வரிசை. தலைமாட்டில் நடுகிற மீசான் கட்டை வெறும் மரந்தானே. கறையான் தின்று மிச்சத்தை மழை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. இவர் சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போய்த் திரும்பி வரும்போது எல்லாம் ஒரே மண்மேடு.

"எண்ணி எண்ணிப் பாத்தேன் ஹமீமா. ஒரு நேரம் ஆறாவதுன்னு தோணுது, ஒரு நேரம் ஏழாவது. குரோட்டன ஏழாவதுல வெச்சேன். உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

குடையைத் தொலைப்பார், கடைச் சாவியைத் தொலைப்பார். பிள்ளையைத் தொலைச்சிட்டீங்களே! பாவி மனுஷா, தொலைச்சிட்டீங்களே!

6 ஜனவரி

இன்றும் நான் அவரோடு பேசவில்லை. அவர் சாப்பிடவும் இல்லை. சாப்பிடாவிட்டால் எனக்கென்ன?

8 ஜனவரி

ஒன்றே ஒன்று கேட்டேன், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று. இத்தனை வெள்ளியும் எந்தக் கபுறில் நின்று யாஸீன் ஓதினீர்கள்?

"பதினேழுலயும்."

அதற்குத்தான் அவ்வளவு நேரமா? ஜும்மா முடிந்து வெற்றிலைக் கடையில் வம்பளக்கிறார் என்றல்லவா திட்டிக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்கலாமே. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாமே.

10 ஜனவரி, வெள்ளி

காலையிலேயே கிணற்றடிக் கல்வாழையை முழுதாகத் தோண்டினேன். ஒரு கிழங்கும் மிச்சம் வைக்கவில்லை. பதினேழு துண்டு, ஒவ்வொன்றிலும் முளை பார்த்து. சாக்கில் கட்டி முன்வாசலில் வைத்தேன். எல்லாக் கபுறிலும் வையுங்கள் என்றேன். அப்துல் ஸமத் காக்காவிடம் சொல்லுங்கள், இதில் கத்தி பட்டால் வழக்கத்தையும் பார்க்க மாட்டேன், நானே உள்ளே வருவேன்.

அவர் சாக்கைப் பார்த்தபடி நின்றார். "அந்தப் பக்கம் வெச்சா இங்க இருந்து உனக்குத் தெரியாதே ஹமீமா."

தெரியாது. கொண்டு போங்கள் என்றேன்.

ஈர மண்ணோடு சாக்கு நல்ல கனம். ஒரு முனையை நான் பிடித்து அவர் தோளில் ஏற்றிவிட்டேன்.