கடனை வேண்டாம் என்று சொல்லிவிடாதே

கிரிம்ஸ்பி
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் கிம்முக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம், என் இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. பிளிமத்தில் நீயும் என் பேத்தி குட்டி எஸ்மியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று நீ சொன்ன நாளிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை. என் மகள் பாலம் கட்டப் படிக்கப்போகிறாள் என்று நான் பஸ் ஓட்டிய டிப்போவுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அங்கே ஒருத்தன், அப்படியானால் ஹம்பர் பாலத்துச் சுங்கத்தை முதலில் எடுக்கச் சொல் என்றான், பொறாமை பிடித்தவன். அம்மா இன்னும் மோசம், மீன் வாங்கப் போனவள் ஊரெல்லாம் சொல்லிவிட்டு மீனை மறந்துவிட்டு வந்தாள். அன்றைக்கு இரவு டோஸ்ட்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கட்டணத்துக்கான கடன் உன் கைக்கே வராமல் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும், அது போகட்டும், வீட்டுச் செலவுக்குக் கொடுக்கும் கடனை மட்டும் வேண்டாம் என்று விண்ணப்பத்தில் போட்டுவிடுவேன், வருமானம் குறைவு என்று இப்போது மாதாமாதம் வரும் அரசு உதவித்தொகையிலும் சனிக்கிழமை கஃபே வேலையிலும் சமாளித்துக்கொள்வேன் என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். நானும் சபாஷ் என்றேன். தவணைக்காரன் வெள்ளிக்கிழமை கதவைத் தட்டும்போதெல்லாம் சோபாவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வளர்ந்தவன் வேறென்ன சொல்வான். அம்மாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. நேற்று என்னை இழுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனாள், அங்கே திங்கட்கிழமைகளில் இந்த மாதிரி விஷயங்களுக்கு ஆலோசனை சொல்ல ஆள் இருக்கிறது. போய்ப் பார்த்தால் பெவர்லி, வருஷக்கணக்காக என் பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தவள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என் மகள் ஒரு பவுண்டுகூட வாங்கமாட்டாள் என்றேன். அவள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள், “அந்தக் கடன வாங்கினாலும் வாங்காட்டியும் உதவித்தொகை ஆபீஸ்ல வாங்கினதாத்தான் வச்சுக்குவாங்க, டெரி. கைக்கு வராத காசுக்கும் சேத்து உதவித்தொகையக் குறைச்சிருவாங்க. உன் மக கிறிஸ்துமஸ் வரைக்கும் தாங்கமாட்டா.” அம்மா என்னைப் பார்த்தாள் பார், அந்தப் பார்வைக்கு நான் பஸ்ஸுக்கடியில் போய் ஒளிந்திருக்கலாம்.

யோசித்துப் பார் கிம், கடனும் இல்லாமல் உதவித்தொகையும் சுருங்கி, வாடகைக்கும் எஸ்மியைப் பார்த்துக்கொள்ளும் நர்சரிக்கும் ஓடி ஓடி, நவம்பரில் படிப்பே வேண்டாம் என்று வந்து நிற்பாய். அதற்கா இத்தனை வருஷம் எஸ்மியைத் தூங்கவைத்துவிட்டு உட்கார்ந்து படித்தாய்? ஆனால் பெவர்லி சொன்ன மற்றதையெல்லாம் கேட்டால் நீயே துள்ளுவாய். நர்சரிச் செலவில் பெரும்பகுதிக்குத் தனி மானியம் உண்டாம், திருப்பித் தரவேண்டியதில்லை, அதற்காக உதவித்தொகையில் கைவைக்கவும் மாட்டார்கள். ஆனால் அதே செலவுக்கு உதவித்தொகை அலுவலகத்திலும் கேட்டுவிடாதே, ஏதாவது ஒரு இடத்தில்தான். பிள்ளையோடு படிப்பவர்களுக்கென்று இன்னொரு தொகையும் இருக்கிறது, விண்ணப்பத்திலேயே கேள். வீட்டில் பெரியவள் நீ ஒருத்திதான், நீயும் முழுநேரம் படிப்பதால் நகராட்சி வரி கிடையாது. கடனைத் திருப்புவதும் சம்பளம் ஓர் அளவைத் தாண்டிய பிறகுதானாம், வரியைப் போலச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்களாம். கதவைத் தட்ட ஆளே வரமாட்டானா என்று இரண்டு தடவை கேட்டேன். பெவர்லி சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை, கண்தான் கலங்கியது.

ஒன்று மட்டும், அந்தக் கடன் பணம் ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் மொத்தமாக வந்து விழும். பார்த்து மயங்கி எஸ்மிக்கு அந்தப் பெரிய டிராம்போலினை வாங்கித் தொலைக்காதே. வேறொரு கணக்கில் போட்டுவைத்து, உனக்கு நீயே மாதச் சம்பளம் கொடுத்துக்கொள். வகுப்பு தொடங்கும் அன்றைக்கே படிப்பில் சேர்ந்ததை உதவித்தொகை அலுவலகத்துக்கு எழுதிப் போட்டுவிடு, அவர்களாகத் தெரிந்துகொண்டால் கூடுதலாகக் கொடுத்ததைப் பிறகு திருப்பிக் கேட்பார்கள். அம்மா எஸ்மிக்கு மஞ்சள் ஸ்வெட்டர் பின்னுகிறாள், கை இரண்டும் ஒரே நீளத்தில் வரும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

நீயும் குழந்தையும் குறையில்லாமல் இருக்கவேண்டும், நீ கட்டும் முதல் பாலத்தில் நான் காலை வைக்கவேண்டும். மறந்துவிடாதே, அந்தக் கடனையும் சேர்த்துக் கேட்டு விண்ணப்பத்தை இந்த வாரமே அனுப்பு, தள்ளிப்போட்டால் பணமும் தள்ளித்தான் வரும். நான் பயந்த பயம் என்னோடு போகட்டும். என் வாயால் சொல்வேன் என்று கனவிலும் நினைக்காத ஒன்றை எழுதுகிறேன், அம்மா தோளுக்குப் பின்னால் நின்று, சொல்லு சொல்லு என்கிறாள்: கடன் வாங்கு, மகளே. முழுசாக வாங்கு.

முத்தங்களுடன்,
உன் அப்பா டெரி