மேடில்லாத கிராஃப்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முதுகுவலி குறைந்ததா? அம்மா நலமா? நான் நலம். போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன், கையெழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இயற்பியல் முகாமில் ஒரு வேடிக்கை. எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் மோதவிட்டுப் புதுத் துகள் தேடுகிற இயந்திரத்தை இன்னும் கட்டவே இல்லை. கட்டினால் மோதல்கள் எப்படி இருக்கும் என்று கணினி போட்டுத் தருகிறது. பயிற்சிக்காக, சிலருடைய கணக்கில் மட்டும் ஒரு கற்பனைத் துகளை ஒளித்து வைத்திருக்கிறார்கள். கிராஃபில் மேடு தெரிந்தால் அங்கே ஒரு துகள் இருக்கிறது என்று அர்த்தம். நேற்று என் கிராஃபில் ஒரு மேடு எழும்பியது. "கண்டுபிடிச்சிட்டேன்!" என்று கத்திவிட்டேன்.

எங்கள் குழு அக்கா எட்டிப் பார்த்து, "அடியே, இது இசட் போசான். நாம பொறக்கறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்ச ஆளு. தெரிஞ்ச துகளையெல்லாம் கழிக்க மறந்துட்டியா?" என்றாள். அறையே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

அதைக் கழித்ததும் கிராஃபில் ஒன்றுமே இல்லை. எனக்கு ஒளித்து வைக்கவில்லையா, நான்தான் தவறவிட்டேனா, தெரியவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்து உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது. நாளை எல்லார் முன்னும் நின்று, "ஒன்றும் இல்லை" என்று சொல்ல வேண்டும். "இல்லன்னாலும் அது விடைதான்டி" என்கிறாள் அக்கா. நீங்களோ கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், மகள் புதுத் துகள் கண்டுபிடிக்கப் போகிறாள் என்று சொல்லிவைத்திருக்கிறீர்கள். அதை நினைத்துத்தான் தூங்காமல் இதை எழுதுகிறேன்.

தலைக்கு எண்ணெய் தீர்ந்துவிட்டது. அம்மா போர்த்தும் சால்வையையும் அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

வார்டனின் செருப்புச் சத்தம் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனில், என்ன கண்டுபிடித்தாய் என்று கேட்காதீர்கள் அப்பா. சாப்பிட்டாயா என்று மட்டும் கேளுங்கள்.

உங்கள் மகள்