வாசலில் சிலுப்பிய ஆடு

கும்மிடிப்பூண்டி
7-8-1974

அன்பு மகன் அருணகிரிக்கு அம்மா கனகாம்பாள் ஆசி கூறி எழுதுவது. இங்கு நானும் உன் நைனாவும் தங்கை ரத்னாவும் ஆடும் சுகம். பிலாயில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, உருக்காலையில் உலைப் பக்கம் ஜாக்கிரதையாக நின்று வேலை பார்த்து, நல்லபடி இருக்க எல்லம்மாவைக் கும்பிட்டுக்கொள்கிறேன். ஆடி ஞாயிறு கழிந்த பிறகும், எல்லம்மாவுக்கு நேர்ந்த ஆடு எப்படிச் சுகமாக இருக்கிறது என்று நீ கேட்பாய். அதைச் சொல்ல இன்லண்டு போதாதென்றுதான் கவர் வாங்கினேன். உன் கல்யாண விஷயமும் இதற்குள்ளேயே இருக்கிறது, அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்கு ஓடாதே, வரிசையாகப் படி.

புதுவாயல் சர்ச் உபதேசியார் சாலமோன் மகள் சுகிர்தாவைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நீ சித்திரையில் எழுதினாயே, அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினபோது உன் நைனா கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். சைக்கிளைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த சைக்கிள். அப்புறம், "மொதல்ல ஆட்டுக் கடன் தீரட்டும், அப்பால பேசலாம்" என்று மட்டும் சொன்னார். அந்த ஆட்டுக் கடன் உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் சின்ன வயசில் கேட்டது மறந்திருக்கும். உனக்கு மூன்று வயசில் நம் தெருவில் வாந்திபேதி வந்தது. எதிர்ச்சாரியில் ஒரு வீடு, பக்கத்தில் ஒரு வீடு என்று பிள்ளைகளை எடுத்துக்கொண்டே வந்தது. உன் நைனா தெருக்கோடி எல்லம்மன் கோயிலுக்கு ஓடி, தலைச்சன் பிள்ளையை விட்டுவிடு, அவனுக்குப் பதில் ஒரு ஆடு தருகிறேன் என்று வேண்டிக்கொண்டு வந்தார். நம் வீட்டைத் தாண்டிப் போய்விட்டது. நீ பிழைத்துக்கொண்டாய், ஆடும் பிழைத்துக்கொண்டது, ஏனென்றால் இருபது வருஷமாக எந்த ஆடும் உன் நைனாவுக்குத் தேறவில்லை. ஒன்றுக்குக் காதில் கிழிசல், ஒன்றுக்குக் கொம்பு வளைசல், ஒன்று நன்றாக இருந்தது ஆனால் பார்வை சரியில்லை என்றார். பெண் பார்க்கப் போனபோது என்னை இவ்வளவு பார்க்கவில்லை. உன் உயிருக்குப் பதில் போகிற ஆட்டில் ஒரு குறை கூட இருக்கக் கூடாது என்று அவருக்கு. கடன் நிற்கும்போது கல்யாணம் செய்தால் ஆத்தா ஆட்டை விட்டுவிட்டு ஆளைக் கேட்பாள் என்ற பயமும் உண்டு. அவர் முறைத்துக்கொண்டிருந்தது சுகிர்தா மேல் இல்லை கண்ணு, பயத்தில்தான். அது தெரிய எனக்கே இவ்வளவு நாளாயிற்று.

ஆடி பிறந்ததும் சந்தையில் ஒரு கிடாய்க்குட்டி பிடித்து வந்தார். கருகருவென்று, ஒரு வயசு, உடம்பில் ஒரு வடு கிடையாது. ரத்னா அதற்குத் துரை என்று பேர் வைத்துவிட்டாள், கூப்பிட்டால் வருவதில்லை, தோன்றினால்தான் வரும் என்பதால். இந்தச் சமயம் பார்த்து சாலமோன் ஐயா சம்பந்தம் பேச வந்தார். குடை, வெள்ளை ஜிப்பா, கக்கத்தில் ஒரு கட்டு நோட்டீஸ். உன் நைனா சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். வந்த மனிதருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை, முற்றத்தில் ஆட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. அவருக்குத் தெரிந்த பேச்சு அது. பஸ்கா ஆட்டுக்குட்டியைப் பற்றிப் பிரசங்கம் ஆரம்பித்தார்.

எனக்கு அந்தக் கதை புதிதில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்து, வேதபாடத்தில் முதல் பரிசாகச் சோப்பு டப்பா வாங்கினவள் நான். எகிப்து ராஜாவுக்கு அடிமையாகக் கிடந்த ஜனங்களைச் சாமி விடுவித்த ராத்திரி அது. குறையில்லாத ஆண் குட்டி, ஒரு வயசு, செம்மறியோ வெள்ளாடோ எதுவானாலும் சரி. நாலு நாள் வீட்டோடு வைத்திருந்து அறுக்க வேண்டும், எலும்பை முறிக்கக் கூடாது. இடுப்பைக் கட்டிக்கொண்டு, செருப்பு போட்டுக்கொண்டு, கையில் தடியோடு அவசரமாகத் தின்ன வேண்டும். அப்படித் தின்பவர்கள் யார் என்று டீச்சர் கேட்டபோது, ஆறரை மணி ரயிலுக்குப் போகிறவர்கள் என்று சொல்லி நான் பெஞ்சு மேல் ஏறி நின்றிருக்கிறேன். நாலு நாள் எதற்கு என்று மட்டும் அன்றைக்குப் புரியவில்லை. துரை வந்த நாலாம் நாள் ரத்னா தன் தட்டிலிருந்து அதற்கு இட்லி பிட்டுப் போட்டாள், அப்போது புரிந்தது. பிரியம் வைக்காமல் அறுப்பது சுலபம், அந்தச் சுலபம் கூடாது என்றுதான் போலிருக்கிறது.

சாலமோன் ஐயா சொல்லிக்கொண்டே போனார். "ரத்தத்த வாசக்கால்ல ரெண்டு பக்கமும் நெலைக்கு மேலயும் பூசணும். அன்னிக்கு ராத்திரி சாவு ஊடு ஊடா நுழைஞ்சு தலைச்சன் புள்ளைங்கள எடுத்துகினு போச்சு. ரத்தம் பூசின ஊட்ட மட்டும் தாண்டிப் பூட்ச்சு" என்றார். தலைச்சன் என்ற வார்த்தை விழுந்ததும் உன் நைனா சுவரை விட்டு இந்தப் பக்கம் திரும்பினார். "அப்பால?" என்று கேட்டார். மூன்று மாதத்தில் அந்த மனிதரிடம் அவர் பேசின முதல் வார்த்தை. சாலமோன் ஐயாவுக்குக் குஷி பிறந்துவிட்டது. அந்த ஆடெல்லாம் வரப்போகிற ஒருவருக்கு முன்னால் விழுந்த நிழல்தான், ஆள் வருகிறதுக்கு முந்தி நிழல் வரவில்லையா, அந்த மாதிரி, நிஜ ஆட்டுக்குட்டி இயேசு சாமிதான், அவரும் குறையில்லாதவர், அவரையும் பஸ்கா பண்டிகை நாளில்தான் கொன்றார்கள், அவர் எலும்பும் முறியவில்லை, அவர் ஒருவர் போனதால் இனி ஆடு வேண்டாம் என்று விளக்கிக்கொண்டே நோட்டீஸை நீட்டினார். உன் நைனா கை நீட்டுவதற்குள் துரை அதை வாங்கிக்கொண்டது. ஆட்டுக்குட்டியைப் பற்றின நோட்டீஸை ஆட்டுக்குட்டியே தின்று தீர்த்தது. இன்னொன்று எடுத்தார், அதையும் தின்றது. "இதுக்கு இனிமே ஞானஸ்நானம் ஒண்ணுதான் பாக்கி" என்று நான் சொன்னேன், ரத்னா சிரித்தாள், உன் நைனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அது உங்க சாமி கத உபதேசியாரே. எனக்கு எங்காத்தாகிட்ட ஒரு ஆடு கடன் கீது" என்று எழுந்து போய்விட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூட்டம். பூசாரி அரசப்பனை உனக்குத் தெரியும், தெருவுக்கே கேட்கிற குரல். சாலமோன் ஐயாவும் ஆராதனையை முடித்துவிட்டு வந்து, கோயில் எல்லைக்கு வெளியே வேப்பமரத்தடியில் குடையோடு நின்றார். கூட்டத்தில் யாரோ ஒரு வாய்க்கொழுப்பு, "இன்னா ராஜவேலு, உன் சம்பந்தி கறிசோத்துக்கு வந்துகிறாரா?" என்று கேட்டுவிட்டான். படைத்த கறியை அவர்கள் தொட மாட்டார்கள் என்று தெரிந்தே கேட்டான். உன் நைனாவுக்கு ரோஷம் தலைக்கேறி, ஊர் நடுவில் நின்று, "ஆத்தா சொல்லட்டும். ஆடு சிலுப்பினா இந்தக் கல்யாணம் உண்டு, சிலுப்பாங்காட்டி கெடையாது" என்று சொல்லிவிட்டார். இருபத்துமூன்று வயசுப் பிள்ளையின் வாழ்க்கையை ஆட்டின் முதுகில் ஏற்றி வைத்த ஒரே அப்பன் இவராகத்தான் இருப்பார்.

அரசப்பன் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். ஆடு உடம்பைச் சிலுப்பினால்தான் ஆத்தாவுக்குச் சம்மதம், அதற்குப் பிறகுதான் கத்தியைத் தொடுவார்கள். துரை நின்றது. இன்னொரு குடம். நின்றது. காதுக்குள் சொட்டுவிடச் சொன்னார்கள், விட்டார்கள், அது திரும்பி அரசப்பன் கையிலிருந்த வேப்பிலையைத் தின்றது. ஊதிப் பார் என்றார்கள், தட்டிப் பார் என்றார்கள், உடுக்கை அடித்தார்கள். கடைசியில் அரசப்பன் பொறுமை இழந்து தட்டிலிருந்த குங்குமம் முழுவதையும் குடத்தில் கொட்டிக் கரைத்து, தலையோடு ஊற்றினார். ரத்தச் சிவப்பாகச் சொட்டிக்கொண்டு நின்றதே தவிர ஒரு ரோமம் அசையவில்லை. நான் மெல்ல வேப்பமரத்தடிக்குப் போனேன். சாலமோன் ஐயா கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைத்துக்கொண்டிருந்தார். "ஆடு சிலுப்பணும்னுதான ஜெபம் பண்றீங்கோ?" என்று கேட்டேன். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "தேவ சித்தம் ஆவட்டும்னுதாம்மா கேட்டேன். ஆட்டையும் சித்த பாத்துக்கோ கர்த்தாவேன்னு கூட ஒரு வார்த்த சொல்லிட்டேன், சபைல சொல்லிடாதீங்கோ" என்றார். அவர் வேதத்தில் இதற்கு இடமே கிடையாது என்று எனக்குத் தெரியும். பெண்ணைப் பெற்றவர், என்ன செய்வார் பாவம்.

வெயில் ஏறிப் பாதிக் கூட்டம் கலைந்தது. ஆத்தாவுக்குச் சம்மதமில்லை என்று அரசப்பன் சொல்லிவிட்டார். உன் நைனா ஆட்டைப் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. கல்யாணம் போச்சு என்பது கூட இரண்டாவது, ஆத்தா ஆட்டை வாங்க மறுத்துவிட்டாளே, அப்படியானால் எதைக் கேட்கப் போகிறாள் என்றுதான் அவருக்கு. பின்னாலேயே நான், எனக்குப் பின்னால் குடையோடு சாலமோன் ஐயா, அவருக்குப் பின்னால் மனசு கேட்காமல் அரசப்பன்.

வீட்டு வாசலுக்கு வந்தோம். துரை முன்னங்காலை நிலைப்படி மேல் வைத்தது. வைத்து, ஒரு கணம் நின்று, கொம்பிலிருந்து வால் வரைக்கும் சிலுப்பியதே ஒரு சிலுப்பு. அத்தனை குங்குமத் தண்ணீரும் பறந்து இடது பக்க வாசக்கால், வலது பக்க வாசக்கால், மேலே நிலை, உன் நைனாவின் வேட்டி, சாலமோன் ஐயாவின் ஜிப்பா எல்லாம் செக்கச் செவேலென்று ஆகிவிட்டது. அப்புறம் ஒன்றும் நடக்காதது போல உள்ளே போய் இட்லி இருக்கிறதா என்று பார்த்தது. சாலமோன் ஐயா குடையைக் கீழே போட்டுவிட்டார், எடுக்கவில்லை. உன் நைனா வாசக்காலையே பார்த்துக்கொண்டு, விரலால் காட்டி, "இந்தப் பக்கம். அந்தப் பக்கம். மேல" என்று மெதுவாகச் சொன்னார். யாரும் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அரசப்பன்தான் முதலில் தேறினார். "தண்ணி ஆத்தா தண்ணி. காயறதுக்குள்ள சிலுப்பிச்சு, அதனால செல்லும். ஆனா ஊட்டு வாசல்ல கத்தி வெக்க நமக்கு ரைட்டு இல்ல. ஆத்தா வாங்கிகினு திருப்பிக் குட்த்துட்டா, ஊட்டோட கெடக்கட்டும்" என்று தீர்ப்புச் சொன்னார். எந்தக் கோர்ட்டிலும் இவ்வளவு சீக்கிரம் தீர்ப்பு வந்ததில்லை.

எல்லோரும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டோம். நான் காபி கொடுத்தேன். உன் நைனா, "உபதேசியாரே, நான் ஆட்ட நேந்துகினது புள்ளயக் குடுக்க மனசு வராமத்தான். உங்க சாமி அவர் புள்ளயவே குட்த்தாருன்றியே, பெத்தவருக்கு எப்டி மனசு வந்துது? அவரு யாராண்ட போய் நேந்துக்குவாரு?" என்று கேட்டார். சாலமோன் ஐயா பதில் சொல்லுவார் என்று பார்த்தேன். அவர் காபியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தெரியலண்ணே. முப்பது வருசமா அந்த ஆட்டப் பத்தியே பேசிகினு கீறேன். பெத்தவரப் பத்தி நெனச்சே பாக்கல" என்றார். இரண்டு பேரும் பெற்றவர்கள். அந்த இயேசு சாமி சாவதற்கு முந்தின ராத்திரி ஒரு தோட்டத்தில் வேர்வை ரத்தமாகச் சொட்ட வேண்டிக்கொண்டிருந்தாராம், பிறகு சரி என்றாராம், அதையும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். யாரும் தண்ணீர் ஊற்றாமல் தானாகவே சம்மதம் கொடுத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. உன் நைனா, "சரி, சொன்ன சொல்லு சொன்னதுதான். நல்ல நாள் பாருங்க" என்றார். "எங்கள்ல நாள் பாக்கறதில்லண்ணே" என்றார் அவர். "அப்ப இன்னாதான் பாப்பீங்க" என்று இவர் எகிற, "மாப்பிளைக்கு லீவு என்னிக்குன்னு பாப்போம்" என்றார். ஆகவே லீவை எழுது. தை மாதம் என்றால் எல்லோருக்கும் சௌகரியம். இரண்டு வீட்டுச் சடங்கும் உண்டு, சண்டையும் உண்டு, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். கல்யாணச் சாப்பாடு சைவம்தான், துரையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரும் வேறு சொல்லத் துணியவில்லை.

சுகிர்தாவுக்கு நீ அடிக்கடி எழுதுவது தெரியும், எனக்கும் மாதம் இரண்டு எழுது. எண்ணெய் தேய்த்துக் குளி. ராத்திரி ஷிப்டு முடிந்து வெறும் டீயோடு படுக்காதே. உனக்கு ஒரு நோய்நொடி அண்டாமல், ஆயுசு நூறாக, அவளும் நீயும் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் இருக்க வேண்டும் என்பதே என் ஆசி. ஒன்று மறந்தேன். திங்கட்கிழமை காலையில் ஈரத்துணி எடுத்து வாசக்காலைத் துடைக்கப் போனேன். உன் நைனா கையைப் பிடித்துக்கொண்டார். "இர்க்கட்டும். அவன் வந்து இந்த வாசல்ல நுழையற வரிக்கும் அப்டியே இர்க்கட்டும்" என்றார். வீட்டில் என்ன கொலையா நடந்தது என்று தபால்காரர் கேட்கிறார், பால்காரி கேட்கிறாள், பதில் சொல்லி மாளவில்லை. சீக்கிரம் வந்து சேர். உன் நைனா தன் பேரில் ஒரு வரி எழுதச் சொன்னார். என்ன எழுத என்று கேட்டேன். ஆடு நல்லா கீது என்று எழுது, போதும், என்றார்.

இப்படிக்கு,
உன் வரவை வாசலில் எதிர்பார்க்கும் அம்மா,
ரா. கனகாம்பாள்