வெளியே போன பெனால்ட்டி

அன்புள்ள அப்பா,

நம் டிராக்டர் ஆலைக் கால்பந்து அணியின் வரலாற்றை எழுதுவதற்காக, இன்று பழைய கோல்கீப்பர் ரோடியன் மாமாவைப் பார்க்கப் போனேன். அணி முதல் டிவிஷனுக்கு உயர்ந்திருக்க வேண்டிய ஆட்டத்தில் நீங்கள் தவறவிட்ட பெனால்ட்டியைப் பற்றிக் கேட்டதும், தேநீர் சிந்தச் சிரித்தார்.

“தவறவிட்டானா? அட போடி! மேல போனா ஆலைக்குச் செலவு கட்டாதுன்னு டைரக்டர்தான் வெளிய அடிக்கச் சொன்னாரு. அதுக்குத்தானே உங்கப்பனுக்கு வீடு கெடச்சுது!”

அந்த வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன்.

சேற்றில் உங்கள் கால் வழுக்கியது என்று பள்ளியில் எத்தனை பேரோடு சண்டை போட்டிருக்கிறேன்!

புத்தகத்தில் நான் எதை எழுதட்டும்? மாமா சொன்னது பொய் என்று உங்கள் குரலில் ஒரு வார்த்தை கேட்டால் நம்பிவிடுவேன். அதனால்தான் போன் செய்யவில்லை.

உங்கள் மகள்