வரிசை நிரம்பியது

நிலவின் மறுபக்கம், தொடர்பு நிலையம். காலை 7:10
இரண்டு ஆன்டெனாக்களும் சரி. சுரங்கத்திலிருந்து பூமிக்குப் போகும் செய்திகளில் தேக்கம் இல்லை. நேற்று கிரிக்கெட் பார்த்த கூட்டத்தால் வந்த நெரிசலும் வடிந்துவிட்டது. நிலையத்தில் நான் ஒருத்திதான். காலைக்கு உப்புமா.
ஜெசிந்தா, பொறியாளர்.

10:25
விண்கல் சிதறல். பெரிய ஆன்டெனா போய்விட்டது. ரேடியோவும் பாதி போனது: சுரங்கத்தில் பேசுவது கேட்கிறது, பதில் சொல்ல முடியவில்லை. மிச்சம் அந்தச் சின்ன ஆன்டெனா. அகலச் சாலையில் ஓடியது அத்தனையும் ஒற்றையடிப் பாதையில் வந்து முட்டுகிறது. பதில் வராத கருவிகள் அதே செய்தியை மறுபடி மறுபடி அனுப்புகின்றன. அனுப்ப அனுப்ப இன்னும் அடைக்கிறது.

10:50
சுரங்க மேற்பார்வையாளர் மரியதாசன், ரேடியோவில்: "எக்கா, கேக்குதா? மூணாவது குழி சரிஞ்சிட்டு. பதினாலு பேரு உள்ள மாட்டிக்கிட்டாவ. மீட்பு வண்டிய பூமியில இருந்துல்லா ஓட்டுதாவ, அது பாதி வழியில கண்ணு தெரியாம நிக்கி. லைன எங்களுக்கு விடுங்க எக்கா."

விதி போட்டேன். வண்டியின் செய்திகள் முதலில். மற்றதெல்லாம் பின்னால். வரிசையில் இடம் கிடைக்காத கருவி, ஒவ்வொரு முறையும் இரண்டு மடங்கு நேரம் காத்திருந்துதான் திரும்ப அனுப்பலாம். யாருக்கும் விலக்கு இல்லை, எனக்கும்தான். பூட்டிவிட்டேன்.
வண்டி நகர்கிறது.

12:15
கட்டுப்பாட்டு அறைச் சுவரில் விரிசல். சீழ்க்கை மாதிரி ஒரு சத்தம், உடனே காது அடைத்தது. படுக்கை அறைக்கு ஓடிவந்தேன். கதவு தானாக மூடிக்கொண்டது. அந்தப் பக்கம் இனி காற்றில்லை. விண்வெளி உடையும் அந்தப் பக்கம்தான். என்னிடம் இருப்பது இந்தக் கைக்கருவி. இதில் ரேடியோ கேட்கும், அதே வரிசையில் செய்தி அனுப்பலாம், விதியை மாற்ற முடியாது.
மாலை வரை மூச்சுவிடலாம். உதவி கேட்டுப் பூமிக்கு அனுப்பினேன்.
"வரிசை நிரம்பியது. செய்தி கைவிடப்பட்டது."

14:30
மறுபடியும் கைவிடப்பட்டது. காத்திருப்பு நீண்டுகொண்டே போகிறது. கருவியைச் சுவரில் அடித்தேன். பிறகு பயந்துபோய்த் துடைத்தேன்.

15:40
மரியதாசன்: "எக்கா, பதினாலு பேரும் வெளிய வந்தாச்சு. செல்லையாவுக்குக் காலு போச்சு, உசுரு இருக்கு. நீங்க நல்லா இருக்கணும்."

அழுதுவிட்டேன். வண்டி வழியை விட்டது. என் முறை வருவதற்குள், அடைபட்டுக் கிடந்ததெல்லாம் பாய்ந்துவிட்டது. சுரங்கத்தில் இருக்கும் நானூறு பேரும் வீட்டுக்கு முகம் காட்டுகிறார்கள். வீடியோ மேல் வீடியோ. யாரைக் குறை சொல்ல?
கைவிடப்பட்டது. என் அடுத்த முயற்சி 19:05-க்கு. காற்று அதுவரை வராது.

நேரம் தெரியவில்லை
எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது. கதவைத் தட்டினேன். அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று தெரிந்தும்

மரியதாசன்: "எக்கா, எல்லாரும் வீட்டுக்குப் பேசிட்டு இருக்காவ. ஒங்ககிட்ட இருந்துதான் ஒரு தகவலும் இல்ல. பிரச்சினைன்னா செய்தி போட்டிருப்பீயன்னு நானே எல்லாருக்கும் சொல்லிட்டேன். அலுப்புல படுத்திருப்பீய. தூங்குங்க, நாளைக்குக் கூப்பிடுதேன்."

மரியதாசா நான் தூங்கவில்லை நான்