டாக்டர் கேட்டது பனி

1955 ஐப்பசி, வியாழன்.

சிரிப்பு அடங்கவில்லை, தூக்கம் எங்கே வரும்?

"கல்யாணமான புதுசுல ரெண்டு பேரும் மலையேறி மலையேறி உடம்பைக் கெடுத்தீக. பிள்ளை நோஞ்சானாத்தான் இருக்கும்." என் நாத்தனார் ஐந்து வருஷமாகப் பாடும் பாட்டு இது. நச்சரிப்பு தாங்காமல் இன்று மகள் செல்வியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்; என்ன நோய் என்று தன் காதால் கேட்க அவளும் கூடவே வந்தாள்.

உடும்பஞ்சோலைக்குப் புதிதாக வந்த மலையாள டாக்டர் செல்வியின் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். பிறகு என்னிடம், "கர்ப்பத்துக்கு மும்பு பனி உண்டாயிருந்தோ?" என்றார்.

"இருந்துச்சுய்யா. ரெண்டு வருஷம், தினமும் விடிஞ்சதுல இருந்து பொழுது சாயுற வரைக்கும். இவ அப்பாவுக்கும்தான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மருந்தே சாப்பிடவில்லையா என்று பதறினார்.

"பணிக்கு எதுக்குய்யா மருந்து? ஏலக்காட்டுல ஏறி இறங்கினா நல்லாப் பசிக்கும், அம்புட்டுத்தான்."

கம்பவுண்டர் விழுந்து விழுந்து சிரித்தார். மலையாளத்தில் வேலைக்குத்தான் பணியாம். பனி என்றால் காய்ச்சலாம். எனக்கு ரெண்டும் ஒன்றாகவே கேட்டது.

டாக்டரும் சிரித்துவிட்டார். சீட்டில் மருந்து எதுவும் எழுதவில்லை. இவ்வளவு உறுதியான பிள்ளையை இந்த மலையில் இன்றுதான் பார்ப்பதாகவும், தாயும் தகப்பனும் ஏறிய ஏற்றம் வீண்போகவில்லை என்றும் சொன்னார். நாத்தனாரைப் பார்த்துக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது பாதி மேட்டிலேயே அவள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். உச்சிக்குப் போயிருந்த செல்வி ஓடி இறங்கிவந்து கைகொடுத்தாள்.

"அத்தே, உங்களுக்குப் பணி உண்டாயிருந்தோ?"